அப்புத்தளைக்கு வெறுங்காலோடு

தந்தி வந்தபோது காலை பத்தேகால் மணி. என் அண்ணை சோமசேகரம் நொத்தாரிசு. ஒரு காணி உறுதியை முடித்துக் கட்சிக்காரரை அனுப்பிவிட்டுப் படலையடியில் நின்றார். தந்தியை வாங்கி வாசித்தார், மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "கொக்கா முருகன்ரை காலடிக்குப் போயிட்டாள்," என்றார்.

அந்தத் தந்தியில் முருகன் இல்லை. மத்தியானம் அவருடைய சேட்டுப் பையிலிருந்து எடுத்து நானே வாசித்தேன். என் அக்கா அருந்ததி நேற்றிரவு பதுளை ஆஸ்பத்திரியில் ஏற்பு நோயால் இறந்துவிட்டார், உடனே வரவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. துருப்பிடித்த கம்பி குத்திய காயத்தில் வருகிற நோய் அது. தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்து, நினைவு தப்பாமல் சாக வேண்டும். இதில் யாருடைய காலடி இருக்கிறது? இருந்தது அக்காவின் கால்தான்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. தாவரவியல் ஆசிரியை. பண்டாரவளையில் எட்டு வருடம் படிப்பித்தாள். அம்மா இறந்த பிறகு, கலியாணம் ஆகாத பெண் மலைநாட்டில் தனியே இருக்கக்கூடாதென்று அண்ணை ஆளைப் பிடித்து மாற்றம் எடுத்துக் கொடுத்தார். 1966இல் ஊருக்கு, கொக்குவிலுக்கு வந்தாள். அங்கே சனிக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் மலைப்பாதையில் நடந்தவள், இங்கே பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் நடந்தாள். ஒருநாள் பின்னேரம் அரியாலைக் கடலேரி வரை நடந்து போய்த் திரும்பினாள். அவள் வீடு வந்து சேர முன்பே இரண்டு பேர் அண்ணையிடம் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. சித்திரை விடுமுறையில் நுவரெலியாவிலிருந்து அப்புத்தளை வரை நாலு நாள் நடக்க வேண்டும். அம்பேவல, பட்டிப்பொல தாண்டி, ஹோர்ட்டன் சமவெளியைக் குறுக்கே கடந்து, ஒஹிய வழியாக இறங்க வேண்டும். பனிக்காலம் முடிந்து முதல் மழை விழுந்ததும் சமவெளியில் காட்டுப் பூவரசு சிவப்பாய்ப் பூக்கத் தொடங்கும். பாடப் புத்தகத்தில் அதன் படத்தைக் காட்டியே அவள் பிள்ளைகளுக்கு எட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட நடக்கத் துணையும் இருந்தது. பண்டாரவளையில் அவளோடு படிப்பித்த பத்மாசினி, உடுப்பிட்டிப் பெண், இன்னும் அங்கேயே இருந்தாள்.

மூன்று வருடம் அக்கா கேட்டாள். மூன்று வருடமும் ஒரே மறுமொழி. "பொம்பிளைப்பிள்ளை மலையிலை என்னத்துக்கு நடக்கிறது? பிராக்குப் பாக்கவோ? அங்கை பஸ் ஓடுறேல்லையோ?" சம்பளம் எடுக்கிற பெண் ஏன் ஆண்களைப்போல் புறப்பட்டுப் போகக்கூடாது என்று கேட்க எங்கள் வீட்டில் எவருக்கும் வாய் வரவில்லை. அவளுடைய தங்கச்சி எனக்கும் வரவில்லை. நான் படித்த பட்டப்படிப்பு அதற்கு உதவவில்லை.

நாலாம் வருடம், அதாவது இந்த வருடம், நான் ஒரு வழி சொன்னேன். "கதிர்காமத்துக்கு நடந்து போற நேர்த்தி எண்டு சொல்லக்கா. அண்ணை வாய் திறக்கமாட்டார்." அப்புத்தளையிலிருந்து கதிர்காமத்துக்கு பஸ்ஸில் போய் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தால் சரி என்று கணக்குப் போட்டேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் ஓம் என்றாள்.

அண்ணை வாய் திறக்கத்தான் செய்தார். ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய் ஐயரைக்கொண்டு அக்காவின் கையில் மஞ்சள் நூல் கட்டுவித்தார். புறப்படுகிற நாள் அவளுடைய பையைத் திறந்து, அவள் புதிதாக வாங்கிய கன்வஸ் சப்பாத்தை வெளியே எடுத்தார்.

"நேர்த்திக்காரி சப்பாத்தோடை போறதோ? சனம் சிரிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை தான் தொழில் பார்க்கும் கந்தோர் அலுமாரியில், உறுதிக் கட்டுகளுக்குப் பக்கத்தில், சப்பாத்தை வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். காலில் இருந்த செருப்பையும் அவர் சொல்லாமலே அக்கா வாசலில் கழற்றி வைத்தாள்.

அந்த நாலு நாளையும் பத்மாசினி எனக்குச் சொன்னாள். அக்காவைப் பதுளையிலேயே எரித்துவிட்டு வந்து, அவளுடைய அறையில் இருவரும் இருந்தபோது சொன்னாள். முதல்நாள் சீதா எலியவுக்கு அப்பால் குளிர் தாங்காமல் அக்கா தார் ரோட்டை விட்டுப் புல் ஓரமாய் நடந்திருக்கிறாள். கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற ஒரு பெண் மஞ்சள் நூலைக் கண்டு, "கதிர்காமமா போறீங்க? அதுக்கு ஏன் இந்தப் பக்கமா சுத்துறீங்க?" என்று கேட்டாளாம். "வழியிலை பூப் பாக்கக்கூடாதெண்டு முருகன் சொல்லேல்லையே," என்றாளாம் அக்கா. கொழுந்துக் கூடையோடு நின்ற எல்லாரும் சிரித்தார்களாம்.

அன்று பின்னேரம் அம்பேவலயில், மாடு மேய்கிற புல்வெளி ஓரம், சாணியும் சேறுமாய்க் கிடந்த இடத்தில் முட்கம்பித் துண்டொன்று அக்காவின் குதிக்காலில் ஏறியது. பத்மாசினி தன் பையிலிருந்த றப்பர் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். இங்கே ஆர் பார்க்கப் போகிறார்கள் என்று கெஞ்சினாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் ஊசி போடுவோம் என்றாள். அக்கா காலைக் கழுவித் துணியால் கட்டிக்கொண்டு, செருப்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொய் சொல்லித்தான் வந்தனான், பத்மா. இதையும் போட்டால் முழுப்பொய்யாப் போயிடும்."

அந்த முழுப்பொய்யை உண்டாக்கிக் கொடுத்தவள் நான். அதில் பாதியையாவது மெய்யாக்க அவள் நொண்டி நொண்டி நடந்திருக்கிறாள். அவளைப்போல நேர்மையானவளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தேனே, அந்த என் கெட்டித்தனத்தை நினைக்க எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது.

மூன்றாம் நாள் சமவெளியில் மூடுபனி விலகியபோது பூத்த மரம் ஒன்று நின்றது. ஒன்றுதான். மற்றவை மொட்டு. அக்கா ஒரு பூவைக்கூடப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு கொப்பாக அண்ணாந்து பார்த்துச் சுற்றி வந்தாள். தான் படிப்பித்ததில் ஒரு பிழை இருந்ததைக் கண்டு, இலையின் அடிப்பக்கம் புத்தகத்தில் போட்ட நிறம் இல்லை என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாளாம். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நாலாம் நாள் பொழுதுபட அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாள் பஸ் ஏறிக் கதிர்காமம் போய்க் கற்பூரமும் கொளுத்தினாள். எட்டாம் நாள் பண்டாரவளையில், தேத்தண்ணி குடிக்க வாய் திறபடவில்லை.

முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் கொடுப்பதற்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சாகிறது. பாட்டுகளுக்கு அண்ணை ஒரு பண்டிதரைப் பிடித்தார். வாழ்க்கைச் சுருக்கம் எழுதும் வேலை படித்தவள் என்று எனக்கு வந்தது. கடைசி வரியை மட்டும் தானே எழுதித் தந்தார்: "கதிர்காமக் கந்தனுக்கு வைத்த நேர்த்தியை நிறைவேற்றி, நடந்த களைப்பில் அவன் காலடியில் இளைப்பாறினாள்."

ஏற்பு நோய் என்று போடவேண்டும், ஏன் வந்தது என்றும் போடவேண்டும் என்றேன். கணக்கெழுதும் கொப்பியிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"நேர்த்தி பொய்யெண்டு எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனி? தெரிஞ்சுதான் சப்பாத்தை எடுத்தனான். ரெண்டு மைல் நடந்து பாத்திட்டுத் திரும்பி வருவாள் எண்டு."

அவர் பேனையை மூடினார்.

"எழுதன் பிள்ளை. முழுக்க எழுது. அந்தப் பொய்யை அவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்ததெண்டும் சேத்து எழுது. நான் மறிக்கேல்லை."

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் பூட்டினார், நான் சொல்லிக் கொடுத்தேன், ஒழுங்கை முழுக்கக் கும்பிட்டு அனுப்பி வைத்தது. இத்தனை பேரும் கூடி, பூப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் காலிலிருந்து சப்பாத்தை உருவியிருக்கிறோம். இப்போது முருகனின் பெயரைப் போட்டு அதை மூடச் சொல்கிறார். அவள் களைப்பால் சாகவில்லை. களைத்துப்போகிற கால்கள் அல்ல அவை.

அச்சகத்திலிருந்து புரூவ் வந்திருக்கிறது. நாளை பகலுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாட்டுகளைப் பார்த்து முடித்தேன். வாழ்க்கைச் சுருக்கத்தில் அண்ணையின் கடைசி வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் போடவேண்டிய வரியை இன்னும் எழுதவில்லை.