ரங்கா, ஒரு நரம்பு கொடு!

கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடுகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து நான் நானாக இல்லை. போன சித்திரையில் ஒரு காலை, தோசையைக் கடித்தேன். பல் முன்னால் சாய்ந்தது. தோசைக்கே இந்தக் கதியா என்று கண்ணாடி முன் ஓடினேன். தொட்டால் நான்குமே அசைந்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் கோஷ்டியில், மார்கழி முழுவதும் பாசுரம் தொடங்கிக் கொடுப்பது என் கைங்கரியம். முன்பல் போனால் எழுத்தெல்லாம் காற்றாகிவிடும். "பொய்ப்பல் வெச்சுக்கோ, யாருக்குத் தெரியப்போறது?" என்றாள் என் தங்கை. எனக்குத் தெரியுமேடி! பெருமாளுக்குத் தெரியுமே!

முதலில் பார்த்த டாக்டர், ஈறுநோயால் எலும்பு கரைந்துவிட்டது, நான்கையும் எடுத்துவிடலாம் என்றார். அங்கிருந்து நேரே கோவிலுக்குப் போனேன். ஸேவிக்கப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். "உன்னைப் பாடுகிற வாயைத் தவிர உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டேன். பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டேன். அதன்பின் எதிலும் மனம் ஒட்டவில்லை. நாக்கு சும்மா இருக்காது, பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும். தூக்கம் போயிற்று. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

தெரிந்தவர்கள் சொல்லி, காவேரிக்கு அக்கரையில் கே.கே. நகரில் ஈறு வைத்தியம் செய்யும் ஒரு பெண் டாக்டரிடம் நானும் என் கணவருமாகப் போனோம். எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார்.

"காப்பாத்திடலாம்னு சத்தியம் பண்ண மாட்டேம்மா. முயற்சி பண்ணலாம். டெங்கு வந்தா தட்டணு குறையும்னு சொல்வாங்கல்ல? உங்க ரத்தத்தையே எடுத்து மிஷின்ல சுத்தவிட்டா, அந்தத் தட்டணு நிறைஞ்ச ஜவ்வு ஒண்ணு கிடைக்கும். ஈறைத் திறந்து சுத்தம் பண்ணி, பள்ளத்துல அதை வெச்சுத் தைச்சிடுவோம். புண்ணு சீக்கிரம் ஆறும், எலும்பு வளரவும் உதவும்."

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை நாள் குறித்தார். திங்கட்கிழமை ஒன்பது மணிவரை ராகுகாலம். என் கணவர் வரதன் நாட்காட்டியைப் பார்க்காமல் நகம்கூட வெட்டமாட்டார். காவேரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தபோது இன்னும் நேரமாகட்டும் என்று சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான். ஆனால் டாக்டர் எட்டரைக்கே என்னை நாற்காலியில் சாய்த்துவிட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டு ஈறைத் திறந்தாயிற்று. நர்ஸ் பெண் என் கையில் ரத்தம் எடுக்கத் திணறினாள். எனக்கு நரம்பு மெலிசு. குத்திக் குத்தி ஒரு வழியாக எடுத்து, மிஷின் இருந்த பக்கத்து அறைக்குப் போனாள். அங்கேதான் எங்கள் வீட்டு மகானுபாவர் உட்கார்ந்திருந்தார்.

"செத்த இரும்மா. ராகுகாலம் முடிய அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. நல்ல வேளைல போடு."

அந்தப் பெண் ஜீயபுரம் கிராமத்துக்காரி. பெரியவர் சொல்கிறாரே என்று ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னம்மா, மிஷின் சத்தமே கேக்கலை?" என்று டாக்டர் எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி அவர் குரல் உயர்ந்தது. "ஐயோ சார்! இதுல உறையாம இருக்க மருந்து எதுவும் கலக்கலை. எடுத்த கையோட சுத்தவிடணும். இப்ப ட்யூபுக்குள்ளயே உறைஞ்சு போச்சே!"

என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "திரும்ப எடுக்கணும்மா. நரம்பு கிடைக்கலைன்னா, ஜவ்வு வைக்காமலே தைச்சு மூடிடுறேன்."

வாய் திறந்தபடி, ஈறு பிளந்தபடி கிடந்தேன். கணவரைத் திட்டக்கூட வழியில்லை. இடது கையில் ஊசி நுழைந்தது. ஒன்றும் வரவில்லை. வலது கையில் மறுபடியும். அதிலும் இல்லை. பாசுரம் நினைத்துப் பார்த்தேன், ஒரு வரி வரவில்லை. அத்தனையும் மறந்துபோயிற்று. உதடு அசைக்க முடியாமல் மனத்துக்குள்ளேயே கதறினேன்: ரங்கா, ஒரு நரம்பு கொடு. வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை எனக்கு.

டாக்டர் தாமே ஊசியை வாங்கி, என் புறங்கையைத் தட்டினார். "இதோ" என்றார். ட்யூபில் ரத்தம் சரசரவென்று ஏறியது. மிஷின் உடனே சுழலும் சத்தம் கேட்டது. என் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. சற்று நேரத்தில் இடுக்கியில் எடுத்துக் காட்டினார். மஞ்சளாக, நுங்குபோல ஒன்று. அதை வைத்துத் தைத்தார்.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் பெரும்பாடு. தினமும் பயம், தினமும் கண்ணாடி. கார்த்திகையில் எடுத்த எக்ஸ்ரேயில், பள்ளத்தின் அடியில் புது எலும்பு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மூன்று பற்கள் ஆடாமல் நின்றுவிட்டன. நான்காவது இன்னும் இலேசாக ஆடுகிறது, அதைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். மார்கழி முதல் நாள் கோஷ்டியில் நான் தொடங்கினேன். ஒவ்வோர் எழுத்தும் வந்தது. என்னால் நிறுத்தாமல் அழத்தான் முடிந்தது, பாட்டை மற்றவர்கள் முடித்தார்கள்.

அவன் அந்தர்யாமி, நமக்குள்ளேயே இருப்பவன் என்று எத்தனையோ உபந்யாசங்களில் கேட்டிருக்கிறேன். காதோடு சரி. சந்நிதியில் போய்ச் சண்டை போட்டேன். அவனோ மருந்தை என் ரத்தத்திலேயே வைத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறான். இப்போது என் பிரார்த்தனையில் கூச்சல் இல்லை. பக்கத்தில் இருப்பவனிடம் எதற்குக் கத்த வேண்டும்?

உங்களில் யாருக்காவது பல் ஆடினால், நாளை என்று தள்ளாமல் டாக்டரிடம் போங்கள். போகும்போதே அவனைக் கூப்பிடுங்கள். பாசுரம் மறந்துபோனால் பரவாயில்லை, பேர் ஒன்று போதும்.