சைக்கிள் போலோ பழக வந்த தையல்காரர்

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ் மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மைதானத்தில் நானும் என் நண்பனும் சனிக்கிழமைதோறும் புதியவர்களுக்குச் சைக்கிள் போலோ பழக்கினோம். சைக்கிளில் இருந்தபடியே நீண்ட கம்பால் பந்தை அடிக்கும் ஆட்டம் அது. ஒரு சனிக்கிழமை குன்னத்துகாலிலிருந்து மலையாளத் தையல்காரர் ஒருவர் முதன்முறையாக வந்தார். நண்பன் அவரைச் சைக்கிளில் ஏற்றி, "கீழ பாக்காதேயும், பந்தைப் பாரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போலீஸ் வண்டி வந்து நின்றது.

கம்புகளைப் பார்த்ததும் எங்களைப் போராட்டக்காரர்கள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். "இது களியாக்கும், வெளையாட்டு" என்ற நண்பனின் வாயிலேயே முதல் அடி விழுந்தது. இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் மிதித்தார்கள். தையல்காரரிடம் மட்டும் ஒரு போலீஸ்காரர் மலையாளத்தில், "நீ பொய்க்கோ" என்றார். அவர் போகவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு நண்பன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அடி ஓய்ந்தபோது அவருடைய வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது.

எலும்பு கூடிய பிறகும் அவரால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. மனைவி துணியை வெட்டிக் கொடுக்க, அவர் மெஷினை மட்டும் மிதித்தார். மழைக்காலம் முடிந்து ஒருநாள் மைதானத்துக்கு வந்து, "எடங்கை கொண்டு அடிக்கலாமா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, அடியும் வோய்" என்றான் நண்பன்.