மஞ்சளித்த சோற்றுப் பருக்கை

எங்கள் வீட்டில் ஒருமுறை என் சிறுநீரைக் குறித்து வழக்கு நடந்தது. குற்றம் சாட்டியவர் அத்தை. தீர்ப்பு வழங்க வேண்டியவர் அப்பா. எதிர்வழக்காடியவள் ஆறாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்த நான். இதை எழுத எனக்கு நாணமில்லை. அன்றும் இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, பேருந்து வந்து அப்படியே திரும்பிவிடும் கரிசல் சிற்றூர் எங்களுடையது. அவ்வாண்டு மழை பிந்தியது. உளுந்தும் பருத்தியும் கைவிட்டன. இரண்டு எருமைகளே குடும்பத்தைத் தாங்கின. அவற்றின் பால் முழுவதும் காலையும் மாலையும் பால்காரரின் மிதிவண்டியில் ஏறி நகரத்துக்குப் போய்விடும். எங்களுக்கு வாய்த்தது கடுங்காப்பி. கறக்கிற வீட்டார் குடிக்கத் தொடங்கினால் குடும்பம் உருப்படாது என்பது அத்தையின் கொள்கை. அவர் அப்பாவுக்கு மூத்தவர். கணவரை இழந்தபின் எங்களோடு வந்து தங்கி, வீட்டின் ஆட்சியையும் ஏற்றுக்கொண்டவர்.

அந்தக் கோடையில் என் வாயின் இரு ஓரங்களும் வெடித்தன. நாக்கு சிவந்து வழுவழுத்தது. வெயிலில் கண்கள் கூசி நீர் வடித்தன. அப்பா வாங்கி வந்த கடலை மிட்டாயைக் கடிக்க வாயைத் திறந்தால் ஓரத்தில் குருதி கசிந்தது. அத்தை அதற்குக் காரணம் தேடி அலையவில்லை.

"வாய் நீளமா இருந்தா ஓரம் கிழியத்தான செய்யும்" என்றார்.

நான் எதிர்த்துப் பேசுபவள் என்பது ஊரறிந்த செய்தி. அம்மா எனக்கு நேர்மாறு. யார் முன்னும் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். விருந்தினர் வந்தால் அத்தை அந்த அடக்கத்தை மெச்சுவார். மெச்சிய வாய் மூடுமுன்னே என் பக்கம் திரும்பி, பார்த்துப் பழகிக்கொள்ளச் சொல்வார். நான் பழகிக்கொள்ளவில்லை.

பள்ளிக்கு வந்த கிராமச் செவிலியர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ரைபோஃப்ளேவின் என்னும் உயிர்ச்சத்து குறைந்தால் இவ்வாறு புண்ணாகும் என்றும், பாலிலும் முட்டையிலும் கீரையிலும் அது உண்டு என்றும் சொல்லி, காகிதப் பொட்டலத்தில் முப்பது மஞ்சள் மாத்திரைகளைத் தந்தார். நாளுக்கு ஒன்று. உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிஞ்சியதை வெளியே அனுப்பிவிடும். ஆகையால் சிறுநீர் மஞ்சளாகப் போகும், அஞ்சாதே என்றும் சொன்னார். அந்த உயிர்ச்சத்தின் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை உச்சரித்தவாறே வீடு வந்து, பாலைப் பற்றிய பகுதியை முதலில் அறிவித்தேன். எஞ்சிய பகுதியைச் சொல்லுமுன் அத்தை எழுந்து போய்விட்டார்.

வழக்கமாக நாங்கள் காட்டுப்பக்கம் ஒதுங்குவோம். கரிசல் மண் எந்த நிறத்தையும் வெளியே காட்டாமல் விழுங்கிவிடும். நான்காம் நாள் விடியலில் சோம்பல் என்னை வென்றது. பாத்திரம் துலக்குவதற்காக வீட்டின் பின்புறம் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்த அங்கணத்திலேயே வேலையை முடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அதைக் கழுவ வந்த அத்தை அந்த மஞ்சளைக் கண்டார். எனக்கு மஞ்சள் காமாலை என்று தெருவே கேட்க அறிவித்தார்.

எங்கள் பக்கத்தில் காமாலையைக் கண்டறிய ஒரு சோதனை உண்டு. ஐயத்துக்குரியவரின் சிறுநீரில் வெந்த சோற்றுப் பருக்கைகளைப் போட்டு வைப்பார்கள். பருக்கை மஞ்சளித்தால் காமாலை உறுதி. பக்கத்து ஊரில் ஒருவர் கம்பியைக் காய்ச்சி மணிக்கட்டில் சூடு போடுவார். அதன்பின் ஒரு திங்கள் உப்பில்லாப் பத்தியம், பள்ளிக்கும் முழுக்கு. எங்கள் நியாயவிலைக் கடை அரிசியோ வரும்போதே மஞ்சளாக வரும். அது சோதனைக்கு உதவாது. ஆகையால் அத்தை எதிர்வீட்டில் ஒரு பிடி வெள்ளரிசி கேட்டு வாங்கி, தனியே வடித்தார். வாய் எரிய நான் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த மல்லிகைப்பூச் சோறு ஒரு சிரட்டைக்குள் என் சிறுநீரில் ஊறிக்கொண்டிருந்தது. அந்தச் சினம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மாலைக்குள் பருக்கைகள் மஞ்சளித்தன. ஞாயிற்றுக்கிழமை சூடு என்று முடிவாயிற்று. நான் முற்றத்தின் நடுவே நின்று மறுத்தேன். மாத்திரையின் நிறம் அது என்றேன். இமையை விரலால் இழுத்து, கண் வெள்ளையாக இருப்பதைக் காட்டினேன். கண்ணுக்கு ஏற நாளாகும் என்றார் அத்தை. பிறகு, எவராலும் எளிதில் மறுக்க இயலாத அந்த வினாவை எழுப்பினார்.

"மாத்திரை வாய்க்குத்தான குடுத்தாக? அதுக்கு அங்கன என்ன சோலி?"

அப்பா சற்று எண்ணிப் பார்த்தார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது என்பதை அவர் முகம் காட்டிற்று. நான் பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினேன்.

"அப்ப நீங்க ஒண்ணு முழுங்குங்க அத்தை. நாளைக்கு ஒங்களுக்கும் சோறு போட்டுப் பாப்போம்."

அப்பா சிரிப்பை அடக்கக் கூரையை நோக்கினார். அத்தை பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பையில் எறிய வந்தார். நான் அதை விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டேன். அறைந்தாலும் விடுவதில்லை என்று நின்றேன். அப்போது, மாலைப் பாலைக் கறந்துவிட்டு ஈரக்கையோடு தொழுவத்திலிருந்து வந்த அம்மா, என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். அவளும் என்னைக் கைவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் ஒரு மாத்திரையை மட்டும் எடுத்து, செம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் காலை, மிஞ்சியிருந்த வெள்ளைச் சோற்றோடு இன்னொரு சிரட்டையை அம்மாவே கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். மாலைப் பால் கறக்கும் நேரத்துக்குள் அந்தப் பருக்கைகளும் மஞ்சளித்துவிட்டன. நான் துள்ளினேன். அத்தை அசையவில்லை. ஒரே தட்டில் தின்றால் ஒட்டாமல் என்ன செய்யும், தாய்க்கும் சேர்த்தே சூடு போட வேண்டியதுதான் என்றார்.

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள்.

"சரி மதினி, எனக்கும் காமாலதான். ரெண்டு பேருக்கும் சூடு போடச் சொல்லுங்க. ஒரு மாசம் பத்தியமும் இருக்கேன். எருமைய யாரு கறக்கப் போறான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அம்மா அத்தனை சொற்களை ஒருசேரப் பேசி அன்றுவரை நான் கேட்டதில்லை. எங்கள் எருமைகள் அவள் கைக்கன்றி வேறு கைக்குப் பால் சுரவாதவை. ஒருமுறை முயன்ற அத்தை உதை வாங்கிப் பத்து நாள் நொண்டியவர். வாசலில் பால்காரரின் மணி ஒலித்தது. அப்பா எழுந்தார். செவிலியரைக் கேட்காமல் யாருக்கும் எதுவும் போட வேண்டாம் என்றார்.

மறுநாள் செவிலியர் வந்தார். என் இமையையும், மீண்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்ற அம்மாவின் இமையையும் இறக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மாத்திரைக்கு அங்கே என்ன வேலை என்பதை அத்தைக்குப் பொறுமையாக விளக்கினார். ஞாயிறு வந்தது, போயிற்று. என் மணிக்கட்டு பழுதின்றி இருந்தது. நாள்தோறும் எனக்கு ஒரு குவளைப் பால் என்று அப்பா ஆணையிட்டார். நான் அதை அத்தையின் கண்ணெதிரே அமர்ந்து, வேண்டுமென்றே மெல்ல மெல்லக் குடித்தேன்.

ஒன்றுதான் எனக்கு எரிச்சலூட்டியது. வழக்கு முடிந்த பின்னும் அம்மா காலைதோறும் என்னிடம் கையை நீட்டி ஒரு மாத்திரை வாங்கி விழுங்கினாள். ஒரு திங்களுக்கு வரவேண்டிய பொட்டலம் ஏறக்குறைய பாதித் திங்களிலேயே தீர்ந்தது. நாமதான் ஜெயிச்சுட்டோமே, இன்னும் உனக்கு எதுக்கு என்று கடிந்துகொண்டேன். அவள் முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.

அம்மா எனக்காகச் சாட்சி சொன்னாள் என்றே பல்லாண்டுகள் பெருமை பேசித் திரிந்தேன். காலைதோறும் அவள் கை நீட்டியது எதற்கென்று மிகப் பிந்தித்தான் விளங்கிற்று. முந்தானையை அவள் இடுப்பில் செருகிய அந்த வேளையில், என் புண்ணைக் காட்டிலும் பழைய இரு வெடிப்புகள் அவள் வாயோரங்களில் வெளிச்சம் பட நின்றிருக்க வேண்டும். கைக்கெட்டும் தொலைவில்தான் நின்றிருந்தேன். தோற்றுப்போன அத்தையின் முகத்தைப் பார்ப்பதிலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.