நார்மாவை இடித்தவனும் இடிக்காதவனும்

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஒரு பள்ளிக்கூட வாசலில், நார்மா ஹாவர்த் இருபத்து மூன்று வருடமாக மஞ்சள் கோட்டும் வட்டப் பலகைக் கோலுமாக நடுச்சாலையில் நின்று பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்தாள். அவள் கோலுக்கு லாரியே நிற்கும். நிற்காதவனை அவள் திட்டும் திட்டைக் கேட்டு, வகுப்பில் கற்றதைவிடப் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள்.

அந்த நார்மாவை அறுபத்தொன்றாம் வயதில், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேரை ஓர் அறையில் அடைத்து, கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, பிஸ்கட்டை மட்டும் உள்ளே விட்டார்கள்.

வழக்கு கொலை. சிப்ஸ் கடை வாசலில் ஜோயல் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன், மார்ட்டின் என்ற இன்னொரு பையனை ஒரே ஒரு குத்து குத்தினான். மார்ட்டின் விழுந்தான், நடைபாதை விளிம்பில் மண்டை பட்டது, இரண்டாம் நாள் போய்விட்டான். குத்தியது நான்தான், செத்தது அதனால்தான், தற்காப்புக்காக அடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் ஜோயல் ஒத்துக்கொண்டான். கொல்ல நினைக்கவில்லை என்பதை மட்டும் விடாமல் சொன்னான். ஆகவே நீதிபதி கொடுத்த தாளில் ஒரே கேள்விதான் மிச்சம்: கை போன அந்த நொடியில், சாகடிக்கவோ மிக மோசமாகக் காயப்படுத்தவோ அவன் நினைத்தான் என்று உங்களுக்கு உறுதியா?

உறுதி என்றால் ஆயுள் தண்டனை. பத்துப் பேர் ஒரே பக்கம் வந்தால் போதும் என்று நீதிபதி சொல்லியிருந்தார். ஒன்பது பேர் கொலை இல்லை என்றார்கள். நார்மாவும் இன்னும் இருவரும் கொலை என்றார்கள். மார்ட்டினின் அம்மா தினமும் நீதிமன்றத்தில் அதே பச்சைக் கோட்டோடு, மகனுடைய கழுத்துத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் நார்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"செத்தது செத்ததுதானப்பா. அந்தத் தாயோட மொகத்தப் பாத்தல்ல?"

"பாத்தேன் நார்மாக்கா," என்றான் டீன். கூரை வேய்கிறவன், எதிர்க்கட்சி. "ஆனா தாள்ல கேட்டிருக்கிறது அவங்க மனசப் பத்தி இல்லியே. ஜோயல் மனசப் பத்தி."

ஜூரியின் தலைவர் எண்ட்விசில் நார்மா பக்கம். "ஒரு வாரம் முன்னாடியே 'அவனக் கொல்லாம விடமாட்டேன்'னு கூட்டாளிக்கு அனுப்பியிருக்கான். இன்னும் என்னங்க வேணும்?"

"அத நான் எம் புருஷன்கிட்ட தெனமும் சொல்றேன். முப்பத்தெட்டு வருஷமாச்சு, இன்னும் நல்லாத்தான் ரொட்டியக் கருக்கிக்கிட்டு இருக்கார்," என்றாள் நார்மா.

"நீங்க எந்தக் கட்சிம்மா?" என்றார் எண்ட்விசில்.

நார்மா தேநீர் ஊற்ற எழுந்து, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள்.

"கால்ல என்னக்கா?" என்றான் டீன்.

"ரொட்டிக்கடை வேன் இடிச்சது. குளிர்கால வெயில் அவன் கண்ணுல, பாவம். இடுப்பெலும்பு போச்சு. பக்கத்துல ஒக்காந்து அவன் அழுத அழுகைக்கு நாந்தான் ஆறுதல் சொன்னேன். இப்பவும் கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டை போடுவான்." கெண்டியைச் சாய்த்தாள். "இன்னொருத்தன் இருந்தான், வெள்ளிக் கார்க்காரன். என்ன நேராப் பாத்தான். பாத்துக்கிட்டே ஆக்சிலேட்டர அழுத்தினான். மேல படவேயில்ல, காத்துதான் பட்டுச்சு. அவன நான் மன்னிக்கவே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது.

"கோர்ட்டுல காட்டின அந்த சிப்ஸ் கடை கேமராப் படத்த இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

போட்டார்கள். வலக்கை போகிறது, ஒரே தடவை. இடக்கையில் சிப்ஸ் பொட்டலம், நெஞ்சோடு அணைத்தபடி.

"பாத்தீங்களா? கொல்லணும்னு நெனைக்கிறவன் சிப்ஸக் கீழ வைப்பான்."

"வைக்காமலும் இருக்கலாம்," என்றார் எண்ட்விசில்.

"இருக்கலாம். அந்த 'லாம்'ஐ வச்சுக்கிட்டு ஒரு பையன ஆயுசுக்கும் உள்ள தள்ள எனக்கு உறுதி இல்லீங்க." பத்தாவது கை அவளுடையது.

கொலைக் குற்றம் இல்லை என்று தலைவர் நீதிமன்றத்தில் படித்தார். உயிர் போகக் காரணமாக இருந்ததற்கு ஜோயல் எப்படியும் சிறைக்குப் போவான். அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பச்சைக் கோட்டு அம்மா பன்னிரண்டு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். பதினொரு பேர் தரையைப் பார்த்தார்கள். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம், அதனால் நார்மாவிடம் அவளுக்குக் கொடுக்க ஒரு வார்த்தைகூட இல்லை. அந்தத் தாய் தானாகத் திரும்பிக்கொள்ளும்வரை, நார்மா நனைந்த கண்ணைத் துடைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.