அக்கா இடிக்கவிடாத விளக்குக் கூண்டு

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிறது. தலைத்திவசத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறோம், அதற்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் செல்வி சொன்னாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஆந்திரா, ஒரிசா, சத்தீஸ்கர் என்று சுற்றியவன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மாதிரிக்கு என்று அச்சகத்தில் சில பழைய மலர்களைக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் மறைந்தவர் பொறுமையின் வடிவம், யாரையும் கடிந்து பேசாதவர். எங்கள் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால், வேறு வீட்டு மலர் மாறி வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். அக்கா பொறுமைசாலி அல்லர். இதைப் படிக்கிற பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நானும் வாங்கினேன்.

அக்கா பிறந்தது காட்டூரில். அப்பா அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா பத்தாவது முடித்த வருடம் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார். அம்மா வீட்டு வேலைக்குப் போனார். அக்கா நேராக அப்பாவின் பட்டறைக்கே போய் வேலை கேட்டார். இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளும் வேலை கொடுத்தார்கள். அள்ளிக்கொண்டே, மோட்டாரைப் பிரித்து மாட்டவும் பெல்ட் மாற்றவும் கற்றுக்கொண்டார். வீட்டில் சாப்பிட்ட நாளும் உண்டு, சாப்பிடாத நாளும் உண்டு. எங்கள் தெருவில் எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது. அதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

பிறகு ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டார். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தீவின் வடக்குப் பக்கம், கொள்ளிடக் கரையில் போய் முடியும் தெருவில் மாமா மாவு மில் வைத்திருந்தார். செல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். கருமாதி முடிந்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"மில்லை வித்துட்டு காட்டூருக்கே வந்துடும்மா. பொம்பளை மிஷின் ஓட்டுவாளா?"

அக்கா உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் யாராலும் பேச முடியவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள். அன்றிலிருந்து அவர் மூச்சுத் திணறிப் படுக்கும் வரை மில் ஓடியது. மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவர் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும்.

அந்தத் தெருமுனையில்தான் விளக்குக் கூண்டு நிற்கிறது. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். கொள்ளிடத்தில் பாலம் வருவதற்கு முன்னால் மக்கள் ஓடத்தில் கடந்தார்கள். இருட்டிய பிறகு அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்குத் துறை இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்று ஒரு தென்னை உயரத்துக்குச் செங்கல்லில் வட்டமாகக் கட்டி, உச்சியில் எண்ணெய் விளக்கு வைத்தார்கள். யார் கட்டியது என்று கல்வெட்டு இல்லை. நான் வேலைக்குப் போன இடங்களில் கடற்கரைக் கலங்கரை விளக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குப் பக்கத்தில் இது குட்டி. ஆனால் செய்த வேலை அதே வேலைதான். பாலம் வந்ததும் விளக்கு அணைந்தது. அதன்பின் அங்கே சீட்டு விளையாடினார்கள், பாட்டில் உடைத்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் கரைச் சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி, கூண்டின் மேல் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பாழடைந்தது, ஆபத்தானது, பயன்பாட்டில் இல்லாதது, ஆகவே அகற்றப்படும் என்று அதில் இருந்தது. கோதுமை அரைக்க வந்த பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆபத்துன்னா சரி பண்ணணும். எதுக்கு இடிக்கணும்? எனக்குக்கூடத்தான் மூட்டு தேஞ்சு போச்சு. என்னைய இடிச்சிருவாங்களா?"

இப்படித்தான் கமிட்டி தொடங்கியது. அதற்குப் பெயரும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சண்முகம் அண்ணன் முன்னால் நின்றார். கொள்ளிடத்துக்குள் ஆடு மேய்க்கும் சலீம் பாய் வந்தார். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் ராதிகா மேடம் மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவர். அவர் கூண்டைத் தட்டிப் பார்த்து, அடித்தளம் உறுதியாக இருக்கிறது, சிமெண்ட் மட்டும் பூசிவிடாதீர்கள், பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் ஒத்துப்போகும் என்று எழுதியே கொடுத்தார்.

முதல் தடங்கல் ஓர் அரச மரம். சுவர் வெடிப்பில் முளைத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வேரால் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. அரச மரத்தில் அரிவாள் வைக்க ஒருவரும் வரவில்லை. கூலிக்கு வந்த ஆளும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அக்கா ஏணி போட்டு ஏறினார். சுண்ணாம்புக் காரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, மரத்தை வேரோடு எடுத்து, கரையில் குழி தோண்டி நட்டுத் தண்ணீர் ஊற்றினார். "வெட்டல சாமி, வீடு மாத்தியிருக்கோம். கோவிச்சுக்காதீங்க" என்று அதனிடம் சத்தமாகச் சொன்னார். மரம் பிழைத்துக்கொண்டது.

அடுத்த பல ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. உறையூரிலிருந்து ஒரு கொத்தனார் வந்து சுண்ணாம்புக் கலவை சொல்லிக் கொடுத்தார். பெண்கள் மணல் சலித்தார்கள். சலீம் பாய் சுண்ணாம்பு இடித்தார். உடைந்த உள்படிகளைக் கட்டினோம். நான் அப்போது வண்டியிலிருந்து இறங்கி ஊரில் இருந்தேன். என்னைப் பார்த்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "வந்தியா? ஊரு ஊரா பூமியில ஓட்டை போட்டியே, இங்க வந்து ஒரு ஓட்டையை அடைடா."

வேலை பாதிக்குமேல் முடிந்த நேரத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. இடிக்கும் தேதியே போட்டிருந்தார்கள். அன்று சாயந்திரம் எல்லோரும் மில்லில் கூடினோம். சண்முகம் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். கேட்டதும் எல்லோர் முகமும் தெளிந்தது.

"ஒரு பிள்ளையாரைக் கொண்டாந்து உள்ள வச்சிருவோம் தங்கச்சி. மாலையைப் போட்டு, விளக்கை ஏத்தி, சுண்டல் குடுத்துட்டா முடிஞ்சுது. எந்த ஆபீசர் வந்து கைய வப்பான்?"

"வேணாம்ண்ணே" என்றார் அக்கா.

"ஏன் வேணாம்? ஊரு உலகத்துல இல்லாததா? ரோட்டு ஓரத்துல எத்தனை கோயில் இப்படித் தப்பிச்சு நிக்குது?"

"தப்பிக்கும். கோயிலாத் தப்பிக்கும். விளக்குக் கூண்டு போயிரும். அப்புறம் கதவு போடுவீங்க. கதவுக்குப் பூட்டு போடுவீங்க. சாவி யாருக்குன்னு அடிச்சுக்குவீங்க. பிள்ளையாருக்கு என்ன இடப் பஞ்சமா? மலைக்கோட்டை உச்சியில ஜம்முன்னு உக்காந்திருக்காரு. நோட்டீஸ் வந்த கட்டடத்துக்கு அவரை எதுக்குக் காவலுக்குக் கூப்பிடுறீங்க?"

சலீம் பாய் மெதுவாகச் சொன்னார்: "எனக்காகப் பாக்காதீங்கம்மா. வச்சுக்கங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"உங்களுக்கு இல்ல பாய். எனக்கு இருக்கு. சுண்ணாம்பு இடிச்ச ஆளு வெளியில நிக்கணுமா?"

சண்முகம் அண்ணன் எழுந்துவிட்டார். "சாமி வேணாம்னு சொல்ற வாயால நல்லது நடக்காது" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் பின்னால் பாதிப் பேர் போனார்கள். மறுநாளிலிருந்து தெருவில் சிலர் அக்காவிடம் பேசவில்லை. சிலர் மாவு அரைக்க வேறு மில்லுக்குப் போனார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் பெருமாளைச் சேவித்து வருகிறவரைப் பார்த்துச் சாமி இல்லாதவர் என்றார்கள். கூண்டை இழந்தாலும் இழப்பேன், பொய் சொல்லிக் காப்பாற்ற மாட்டேன் என்பதுதான் அவர் முடிவு. நான்கூட ஒருமுறை, வைத்துத் தொலைப்போமே என்றேன். அதற்கு வாங்கிய திட்டை அச்சடிக்க முடியாது.

அவர் நோட்டீஸை எடுத்து மறுபடி படித்தார். பாழடைந்தது என்பதைப் பெரும்பாலும் சரி செய்தாயிற்று. ஆபத்தானது என்பதற்கு ராதிகா மேடத்தின் கடிதம் இருந்தது. மிச்சம் இருந்தது, பயன்பாட்டில் இல்லாதது. "அப்ப பயன்படுத்துவோம்" என்றார்.

கொள்ளிடம் வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும். ஆடு மாடு மேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள் எல்லாம் வெகுதூரம் உள்ளே போய்விடுவார்கள். முக்கொம்பு அணையில் உபரி நீர் திறந்தால் கரைச் சாலையில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போவார்கள். நடு ஆற்றில் இருப்பவர்களுக்குக் காற்றில் அது கேட்காது. ஆனால் கூண்டின் உச்சி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். தண்ணீர் திறந்த தகவல் வந்ததும் பகலில் சிவப்புத் துணி கட்டுவது, பொழுது சாய்ந்தால் சிவப்பு விளக்கு எரிப்பது என்று அக்கா முடிவு செய்தார். ரிக் வண்டியின் தலையில் சுற்றும் சிவப்பு விளக்கு ஒன்றை நான் கொண்டுவந்தேன். மில்லில் இருந்த பேட்டரியில் அதை இணைத்தோம். ஆற்றுக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் அக்காவே மணலில் நடந்துபோய் அடையாளம் சொன்னார்.

இடிக்கும் தேதிக்கு முன்பே மேட்டூர் நிரம்பி, தண்ணீர் வந்தது. சண்முகம் அண்ணனுக்கு முக்கொம்புப் பக்கத்தில் பழைய சிநேகிதர் ஒருவர் உண்டு. திறந்துவிட்டார்கள் என்று அவர் ஃபோன் செய்ததும், அண்ணன் கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு மில்லுக்கு ஓடிவந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரம். செல்வி மேலே ஏறி விளக்கைப் போட்டாள். நடு மணலில் சலீம் பாயின் மனைவி ஆடுகளோடு இருந்தார். சிவப்பைப் பார்த்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரை ஏறினார். இன்னும் சில குடும்பங்களும் ஏறின. பிறகு தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு குட்டியைக்கூட இழக்கவில்லை.

சண்முகம் அண்ணன் கூண்டின் வாசலில் நின்றுகொண்டு, "டிக்கெட் எடுக்காத ஆளு. உள்ள ஏத்திக்குவியா தங்கச்சி?" என்றார்.

"படிக்கட்டுல தொங்காம உள்ள போங்க" என்றார் அக்கா.

குறித்த தேதியில் பொக்லைன் வந்தது. கூடவே ஓர் இளம் அதிகாரி. நல்ல மாதிரிதான் பேசினார்.

"அம்மா, யூஸ்ல இல்லாத ஸ்ட்ரக்சர்னு ஃபைல்ல இருக்கு. நான் என்ன பண்றது?"

"ஃபைலு அங்கயே கெடக்கட்டும் சார். நீங்க மேல ஏறிப் பாருங்க. கைப்பிடிச் சுவர் இருக்கு, பயப்படாதீங்க."

அவர் ஏறினார். நாங்கள் கீழே நின்றோம். சாமி இல்லை, மாலை இல்லை, எந்தக் கொடியும் இல்லை. கரையேறி வந்தவர்கள் ஆடு மாடுகளோடு பொக்லைனுக்கு முன்னால் நின்றார்கள். அவர் இறங்கி வந்து, விளக்கை யார் எரிக்கிறார்கள், யார் தகவல் தருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பொக்லைனைத் திருப்பி அனுப்பினார். மறு உத்தரவு வரும்வரை இடிப்பு நிறுத்தப்படுகிறது என்று பிறகு கடிதம் வந்தது. ரத்து என்று அதில் இல்லை. அக்கா அதைக் கவனித்துச் சொன்னார்: "நிறுத்தித்தான் வச்சிருக்காங்க. நாம நிறுத்த வேணாம்."

போன வருடம் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. எத்தனையோ வருடத்து மாவுத் தூசி. ஆஸ்பத்திரியில் பேசக் கஷ்டப்பட்டார். அந்தக் குரல் சுருங்கியதைக் கேட்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. மேட்டூர் நிரம்பியதா என்று கேட்டார். யார் மேலே ஏறுகிறார்கள் என்று கேட்டார். செல்வி, "நான்தாம்மா" என்றாள். "சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறு" என்றார். எங்களிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுவந்த சலீம் பாய் வீட்டாருக்கும், ராதிகா மேடத்துக்கும், சண்முகம் அண்ணனுக்கும், மில்லுக்குத் திரும்பி வந்தவர்களுக்கும் நன்றி. மில்லைச் செல்வி நடத்துகிறாள். விற்கச் சொல்லி யாரும் நாற்காலி போட வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். போன மாதம் சாலையை அகலப்படுத்த மறுபடி அளவெடுக்க வந்து, கரைச் சாலையில் கூண்டின் குறுக்காகக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உடனே உறவினர் சிலர், கூண்டுக்குள் அக்காவின் படத்தை மாட்டி, மாலை போட்டு, நினைவு மண்டபம் என்று பலகை வைத்துவிடலாம், இடிக்கத் தயங்குவார்கள் என்றார்கள். அன்பில் சொன்னார்கள், தெரியும். முடியாது என்று முதலில் சொன்னவர் சண்முகம் அண்ணன். நாங்களும் அதையே சொல்கிறோம். படம் வீட்டில் இருக்கிறது. கூண்டில் விளக்குதான் இருக்கும்.

ஆற்றைப் பார்த்த பக்கத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை. சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. திவச நாளில் இந்த வேலையைச் செய்யலாமா என்று கேட்கிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் தெருமுனைக்கு வந்துவிடுங்கள். பட்டுப் புடவையில் வருகிறவர்களுக்கு மாற்றிக்கொள்ள மில்லில் பழைய சேலை எடுத்து வைத்திருக்கிறோம். வெள்ளையடிக்க ஆளுக்கு ஒரு மட்டை உண்டு.

இப்படிக்கு,
தம்பி