கருப்பு ஹெட்போன்

நான் வாங்கும் ஹெட்போனுக்கெல்லாம் இடது காதுதான் முதலில் போகும். வலது பக்கம் பாட்டு ஜோராகப் போய்க்கொண்டிருக்கும், இடது பக்கம் ஒன்றும் இருக்காது. பின்னை லேசாகத் திருகி, ஒயரை இரண்டு விரலுக்கு நடுவில் ஒருமாதிரி வளைத்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் கேட்கும். அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை ஆபீசுக்குப் போவேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போச்சு, திரும்ப முதலிலிருந்து திருக வேண்டும்.

ஒயர் இல்லாததை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று ஆபீசில் கேட்பார்கள். அதையும் வாங்கிப் பார்த்தவள்தான் நான். ஜன்னலோரம் கண்ணயர்ந்த நேரத்தில் ஒன்று காதிலிருந்து கழன்று விழுந்து, யாருடைய தக்காளிக் கூடையிலோ ஏறி வழியில் வல்லத்திலேயே இறங்கிப் போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றையைச் சார்ஜ் போட்டுக் காப்பாற்ற எனக்குப் பொறுமை இல்லை. ஒயர் வைத்ததுதான் எனக்குச் சரி. ஆனால் இந்த முறை பிளாட்பாரத்தில் தொங்குவதை வாங்குவதில்லை, நல்லதாக, வருஷக்கணக்கில் உழைப்பதாகப் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பஸ்ஸுக்கு என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை வீட்டில் இருந்தது.

சிங்கவரம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் நைனாவும்தான். அம்மா இறந்த பிறகு அப்படித்தான். நைனா மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேலை பார்த்தவர். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஓடு உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அவர் காது மந்தமாகிவிட்டது. நான் பஸ் இறங்கித் தெருமுனை திரும்பும்போதே எங்கள் வீட்டு டிவியின் செய்தி எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே போனால் அவர் ஒன்று கேட்பார், நான் பதில் சொல்வேன், "இன்னா?" என்பார், கத்துவேன், திரும்பவும் "இன்னா?" என்பார். மூன்றாம் முறை நான் "ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடுவேன். அந்த "ஒண்ணுமில்ல" மட்டும் அவருக்கு எப்படியோ புரிந்துவிடும். பேசாமல் டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் சத்தம் என் காதில் விழாமல் இருக்கவும்தான் எனக்கு ஹெட்போன் வேண்டியிருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நிஜம்.

எங்கள் தெரு டீக்கடைக்கு ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வருவார். அவர் சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் ஏறிக் காதுக்குப் போகும். பழைய மாதிரி காது மிஷின். அதைப் பார்த்துவிட்டு வந்து நைனா ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, வாத்தியாரு ஒயரு வெச்ச மிஷினு ஒண்ணு போட்டுனுகீறாரு. எனக்கு அந்த மாதிரி ஒண்ணு வாங்கலாமா?"

"பாக்கலாம் நைனா" என்றேன்.

எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் கிடையாது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே நைனாதான். நான் சின்ன வயசில் கொலுசு கேட்டாலும் சைக்கிள் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார், அத்தோடு அது முடிந்தது. அவர் சொன்ன அர்த்தத்தில்தான் நானும் சொன்னேன். லீவு போட வேண்டும், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அங்கே உட்கார வேண்டும். பாக்கலாம்.

ஹெட்போனுக்கு மட்டும் அப்படி ஒரு பார்வை பார்த்தேன். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் போனும் கையுமாகத்தான் இருப்பேன். காதுக்குள் செருகுவது வேண்டாம், வலிக்கும். காதையே மூடுகிற மாதிரி மெத்தை வைத்தது வேண்டும். மெத்தை ரெக்சினாக இருந்தால் வேர்வையில் உரிந்து கழுத்தெல்லாம் கருப்புத் தூளாக உதிரும், அதனால் துணி மெத்தை. தலைமேல் வரும் பட்டைக்குள் இரும்புத் தகடு இருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக் என்றால் ஒரு வெயிலுக்குத் தாங்காது. ரொம்ப இறுக்கினால் கண்ணாடிக் காம்பு பொட்டில் அழுந்தித் தலைவலி வரும், ரொம்பத் தளர்ந்தால் பூ வைத்த கொண்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும். எல்லாவற்றையும்விட முக்கியம் ஒயர். அது தனியாகக் கழற்றி மாட்டுவதாக இருந்தால், ஒயர் செத்தால் ஒயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பின் நேராக இல்லாமல் மடங்கி இருந்தால் பைக்குள் முறியாது. பஜாரில் மொபைல் கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். "இப்ப யாரு அக்கா ஒயரு வெச்சதெல்லாம் கேக்கறாங்க" என்று என் முகத்தை ஒருமாதிரி பார்த்தார். அதன் பிறகு ஆன்லைன்தான் கதி என்று ஆனது.

நான் தேடும்போது நைனா டிவியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். போனில் காதும், காதின்மேல் மெத்தையும், ஒயருமாகப் படங்கள் போய்க்கொண்டிருக்கும். அவரும் உன்னிப்பாகப் பார்ப்பார். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது, பெண் ஏதோ ஆசையாக வாங்குகிறாள், கூட இருந்து பார்க்கிறார் என்று. கருப்பு, வெள்ளை இரண்டையும் காட்டி, "எது நல்லாருக்குது?" என்று சைகையில் கேட்டேன்.

"கருப்பே வாங்கு. அழுக்குத் தெரியாது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காது நோவாதே?" என்று கேட்டார்.

"நோவாது நைனா. மெத்துனு இருக்கும்" என்று கத்தினேன்.

"ஒயரு போயிட்டா?"

"மடக்காம, இழுக்காம வெச்சுக்கணும். பின்னைப் புடிச்சுத்தான் கழட்டணும், ஒயரைப் புடிச்சு இழுக்கக் கூடாது." என் வாழ்நாள் அனுபவம் என்பதால் இதை மட்டும் பொறுமையாக, கையால் செய்து காட்டிச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பார்சல் நான் ஆபீசில் இருக்கும்போது வந்திருக்கிறது. அன்று தெருமுனை திரும்பியபோது டிவி சத்தமே இல்லை. பயந்துபோய் வேகமாக நடந்தேன். நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் தடவிச் சீவி, அதன்மேல் என் கருப்பு ஹெட்போன். ஒயர் நெஞ்சில் இறங்கிச் சட்டைப் பைக்குள் போயிருந்தது. பைக்குள் பெட்டியும் இல்லை, போனும் இல்லை. மடங்கிய பின் மட்டும் ஒரு கைக்குட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். துணி மெத்தையில் எண்ணெய் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு தேடி வாங்கியது.

"மிஷினு வந்துடுச்சும்மா" என்றார். "வாத்தியாரு வெச்சினுகீறது சின்னது. ஒரு காதுக்குத்தான். இது ரெண்டு காதுக்கும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அத்தனை சாயங்காலமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அவருடைய மிஷினை. நான் "பாக்கலாம்" என்றேன், பிறகு தினமும் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் எல்லோரிடமும், "எம்பொண்ணு பாத்துனுதான்கீது" என்று சொல்லியிருக்கிறார். தன் வார்த்தையின் அர்த்தத்தையே அவர் மறந்துவிட்டார், அல்லது நான் அவரைவிட நல்ல மனசுக்காரி என்று நம்பிவிட்டார்.

"கேக்குதா நைனா?" என்றேன்.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அம்சமா கேக்குது" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இது மிஷின் இல்லை என்று சொன்னால், பின்னே யாருக்கு வாங்கினாய் என்று அவர் கேட்கத் தேவையே இல்லை, தானாகப் புரிந்துவிடும். அதற்குப் பயந்துதான் "சரி, காபி போடறேன்" என்று உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்று மெதுவாக "நைனா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு சத்தமாக. அவர் தெருவைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காதில் ஒன்றும் இல்லாமல் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் விசில், ஹார்ன், முன் சீட்டில் ஒரு குழந்தையின் அழுகை, எல்லாம் கேட்டது. எனக்கு எல்லாம் கேட்கிறதே என்று இருந்தது.

இப்படியே சில நாட்கள் ஓட்டினேன். எத்தனை நாள் என்று எண்ண எனக்கு மனசில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னை நிறுத்தி, "இன்னா மிஷினு வாங்கிக் குடுத்த நீ? அது போட்டதுலேர்ந்து உங்க நைனாவுக்கு இன்னும் மந்தமாயிடுச்சு. டீக்கடைகிட்ட ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சுனே இருக்கறான், இவுரு பாட்டுக்கு நடுரோட்டுல போறாரு" என்றாள். கொஞ்சநஞ்சம் கேட்ட காதையும் நான் தேர்ந்தெடுத்த மெத்தை அடைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தம் உள்ளே வராது என்று படித்துப் பார்த்துத்தானே வாங்கினேன்.

அன்றைக்கே லீவு சொன்னேன். அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது அந்த லீவு.

அப்போதும் எனக்கு உண்மை வரவில்லை. "மிஷினுக்கு செட்டிங் பண்ணணும் நைனா, திண்டிவனம் போலாம் வா" என்றேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹெட்போனை ஒரு துணிப்பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். நான் தினமும் உட்காரும் ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்தேன்.

காது டெஸ்ட் செய்கிற இடத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. நைனாவை உள்ளே உட்காரவைத்துத் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். தடித்த மெத்தை, இரும்புப் பட்டை, முரட்டு ஒயர். நல்ல உழைப்பாக உழைக்கும் என்று என் புத்தி அங்கேயும் கணக்குப் போட்டது, அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை. கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். டெஸ்ட் செய்யும் பெண் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

நைனா டக்டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பரவாயில்லையே, இவ்வளவு கேட்கிறதா, நாம்தான் அநியாயமாகப் பயந்துவிட்டோமா என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் இன்னும் வேகமாக அமுக்கினார்.

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், நான் இன்னும் சத்தமே குடுக்கல. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. உங்க மூஞ்சியப் பாத்து அமுக்கறாரு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். துணிப்பை என் மடியில் இருந்தது. பிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து நைனா வந்தார். அந்தப் பெண் என்னிடம், ரெண்டு காதுக்கும் மிஷின் வேண்டும், முன்னாலேயே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், காதுக்குப் பின்னால் வைக்கிற மாதிரி வரும், ஒயரெல்லாம் இருக்காது என்றார்.

நைனா என் முகத்தைப் பார்த்தார். "பெயிலாயிட்டனா?"

நான் அவர் காதருகே குனிந்து, கத்தாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். "பெயிலானாத்தான் நைனா மிஷினு தருவாங்க. புதுசு. ஒயரு இல்லாதது."

இதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். பிறகு என் மடியிலிருந்து பையை எடுத்துப் பிரித்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த பின்னைப் பிடித்து ஹெட்போனை வெளியே எடுத்தார். மெத்தையைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"அப்ப இது உன்னுதுதானே" என்றார். "இந்தா. நீ சொன்ன மாதிரி ஒயரை மடக்கவே இல்ல."