சிராஜுதீன் பார்க்காத படங்கள்

மேலப்பாளையத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் எங்கள் குழுவில் பதினோரு பெண்கள், ஓர் ஆண். அந்த ஆண் சிராஜுதீன். நோயாளியைத் தொடும் வேலை அவருக்கில்லை. குழுவின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வார்.

சவூதியில் தம்மாமில் பதினாறு வருஷம் கேபிள் இழுத்து, முழங்கால் தேய்ந்து ஊர் திரும்பியவர். மனைவி ரைஹானத்தின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். யார் யாரோ கூடி எழுதி இலவசமாக விட்டிருக்கும் மென்பொருளை அதில் ஏற்றி, எங்கள் போன்களை அதோடு இணைத்திருந்தார். படுக்கைப் புண் ஆறுகிறதா என்று அறியப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். பெண்களின் படம் பெண்களுக்கு மட்டுமே திறக்கும். ஏழாம் நாள் அழிந்துவிடும். தன்னாலும் திறக்க முடியாதபடி பூட்டி, கடவுச்சொல்லை எங்களிடம் விட்டுவிட்டார்.

கரண்ட் போனால் அதுவும் போகும். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக முப்பத்தெட்டு வருஷம் ஓடியே பழகிய எனக்குக் காத்திருக்கத் தெரியாது. என் புதுப் போனில் எடுக்கும் படமெல்லாம் தானாகவே ஒரு பெரிய கம்பெனியின் சேமிப்பில் போய் உட்கார்ந்தது. இடம் இலவசம்.

மாதக் கூட்டத்தில் சொன்னேன்: "தம்பி, அந்தத் தகர டப்பாவை மூடுங்க. ஊரே கம்பெனிக்காரன்கிட்ட குடுக்கு."

"சும்மா குடுக்கான்னா எதையோ எடுக்கான்னு அர்த்தம் சிஸ்டர்."

"கிழவி குண்டியில உள்ள புண்ணை எடுத்து அவன் என்ன செய்யப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் டப்பாவை மூடினார்; அதன்பின் எல்லோர் எடுத்த படங்களும் என் போனுக்கு வந்தன.

மைதீன் பாத்திமாவுக்கு எழுபத்தொன்று. முதுகின் அடியில் ஆழமான புண். படம் எடுக்க ஒத்துக்கொள்ளவேயில்லை. "நம்ம பொம்பளையளைத் தவிர ஒரு கண்ணு பாக்காது" என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பிப் படுத்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் மருமகள் முஃபீதா பஞ்சும் துணியும் வாங்க என் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் என் மகன் சிவகணேஷும் அவன் நண்பனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டிவியில், மகன் எப்போதோ இணைத்துவிட்டபடி, என் போன் படங்கள் தாமாக மாறிக்கொண்டிருந்தன. பேரன் பிறந்தநாள், பாபநாசம் அருவி. அடுத்து திரை நிறையப் பாத்திமாவின் இடுப்பு. மேலே "இனிய நினைவுகள்" என்ற எழுத்து, பின்னால் இசை.

பூ வேலை செய்த படுக்கை விரிப்பை முஃபீதா அடையாளம் கண்டுகொண்டாள். பாய்ந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

"மாமிட்ட நான் என்னன்னு சொல்ல?"



போனை எடுத்துக்கொண்டு நேரே சிராஜுதீன் வீட்டுக்குப் போனேன். நடந்ததைக் கேட்டவர் குத்திக்காட்டவில்லை. ரைஹானத்திடம் போனைக் கொடுக்கச் சொல்லி, தான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதை அமுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, ரைஹானத் அழித்தாள். இரண்டு மணி நேரம் ஆனது. ஒருமுறைகூட அவர் திரும்பவில்லை.

"அழிஞ்சிட்டா?" என்றேன்.

"நம்ம கண்ணுக்கு அழிஞ்சிட்டு. அவன் கிடங்குல என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர்."

"டப்பாவைத் திரும்பத் திறங்க தம்பி."

"திறக்கேன். முதல்ல பாத்திமா லாத்தாட்ட போங்க. முஃபீதா வாயால அவங்க இதைக் கேக்கக்கூடாது."

போனேன். சொன்னேன். பாத்திமா கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "எத்தனை ஆம்பிளை?"

"ரெண்டு பேர்."

"இனி புண்ணை முஃபீதா கட்டட்டும். நீங்க வெளிய நில்லுங்க" என்றார்.

இப்போது வாரம் மூன்று நாள் அந்த அறைக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். எதைக் கழுவ வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். புண்ணின் ஆழம் எவ்வளவு என்று கேட்டால் முஃபீதா ஒரு வார்த்தையில் பதில் சொல்வாள். அதை நம்பித்தான் மருந்து சொல்கிறேன்.